கிணற்றுக் கல்லும் ஏழு பாகை வெப்பமும்

2019 யூலையில் ஐரோப்பாவில் ஒரு கல் ஆய்வுக்காக நான் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போன இரவு பஸ்ஸை வழியில் நிறுத்தி எல்லோரையும் பையுடன் இறக்கினார்கள். உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு நடந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. என் கைப்பையில் இரண்டு சின்னக் கண்ணாடிக் குப்பிகள், இரண்டிலும் வெள்ளைத் தூள். சோதனை செய்தவர் ஒன்றை எடுத்து ரோர்ச் வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்தார். என்ன இது என்று கேட்டார். கல்லுத் தூள், எங்கள் வீட்டுக் கிணற்றுக் கல் என்றேன். சொல்லும்போதே பொய் மாதிரித்தான் எனக்கே கேட்டது.

என்னைக் காப்பாற்றியது ஒரு கடிதம். தூள் என்ன, எத்தனை கிராம், எதற்காகக் கொண்டுபோகிறேன் என்று பல்கலைக்கழகத் தலைப்புத் தாளில் மூன்று மொழியிலும் எழுதி, முத்திரை குத்தி வைத்திருந்தேன். ஆய்வுக்குக் கல், மண், தூள் எதைக் கொண்டுபோனாலும் இப்படி ஒன்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போனதும் பாதுகாப்புப் படிவத்தில் அதே விவரத்தை எப்படியும் கேட்பார்கள். இன்னொன்று, நான் கொண்டுபோனது பத்துக் கிராம். கடைசியில் தேவைப்பட்டது ஒரு கடுகில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

கல்லின் கதை இதுதான். யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கச் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல் என்பது எல்லோருக்கும் தெரியும். மயோசீன் காலத்தில் கடலடியில் படிந்தது. கிணற்றை ஆழப்படுத்தும்போது பாறையைத்தான் உடைக்க வேண்டும். எங்கள் வளவுக் கிணற்றை ஆழப்படுத்தியபோது வந்த கற்களில் ஒன்றுக்குள்ளே பொந்து மாதிரி ஒரு இடம், அதன் சுவரில் கண்ணாடி போலப் பளிங்குகள். கல்சைற்று, அதாவது கல்சியம் காபனேற்றுப் பளிங்கு. அதைச் சுரண்டி எடுத்து வைத்திருந்தேன். கற்குவியல் மட்டும் மதிலடியிலேயே கிடந்தது. "உந்தக் கல்லைப் பாக்கவோ ஐரோப்பாவுக்குப் போறாய்? இஞ்ச குமிஞ்செல்லே கிடக்குது" என்று அம்மா கேட்டதற்கு என்னிடம் சுருக்கமான பதில் இருக்கவில்லை.

நீளமான பதில் இது. கல்சைற்றை அறை வெப்பநிலையில் அமுக்கினால், ஏறத்தாழ 1.5 கிகா பஸ்காலில் அதன் அணு அடுக்கு இலேசாக மாறி வேறொரு பளிங்காகிறது. அதற்குக் கல்சைற்று-2 என்று பெயர். 2 கிகா பஸ்காலைத் தாண்டியதும் கல்சைற்று-3. இவை இரண்டையும் 1939இல் கண்டவர் அமெரிக்கரான பேர்சி பிரிட்ஜ்மன். அவரிடம் எக்ஸ் கதிர் ஏற்பாடு இருக்கவில்லை. அமுக்கும்போது கனவளவு திடீரென்று குறைவதை வைத்தே சொன்னார். 1946இல் உயர் அமுக்க ஆய்வுக்காகவே நோபல் பரிசு பெற்றவர் அவர். ஒரு கிகா பஸ்கால் என்பது ஏறத்தாழ 10,000 வளிமண்டல அமுக்கம். உலகின் மிக ஆழமான கடலடியில்கூட 0.1 கிகா பஸ்காலுக்குச் சற்று மேலேதான் இருக்கும். 1.5 என்றால் தரைக்குக் கீழே 50 கிலோமீற்றர் அளவில் உள்ள அமுக்கம். அந்த ஆழத்துக்கு எங்கள் கிணற்றுக் கல்லை அனுப்பினால் அது என்ன செய்யும் என்று பார்க்க ஆசை. உண்மையில் அவ்வளவு ஆழத்தில் சூடும் இருப்பதால் அங்கே அது அரகோனைற்று என்ற, அதே பொருளின் வேறொரு பளிங்காக மாறிவிடும். அறை வெப்பநிலையில் அந்த மாற்றத்துக்கு வேகம் போதாது. அதனால்தான் இந்த 2, 3 எல்லாம் தலைகாட்டுகின்றன.

இந்த அமுக்கத்தை உண்டாக்க லொறியளவு இயந்திரம் தேவையில்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் உருக்குக் கூடு ஒன்று போதும். கூர்முனை வெட்டித் தட்டையாக்கிய இரண்டு வைரங்கள் அதற்குள் முகம் பார்த்து நிற்கும். நடுவே ஒரு உலோகத் தகடு, அதில் மயிரிழை அளவில் ஒரு துளை. அந்தத் துளைதான் அறை. விசை சின்னதுதான், பரப்பு அதைவிடச் சின்னது என்பதால் அமுக்கம் எகிறுகிறது. 1958இல் அமெரிக்காவில் இதை முதலில் செய்தார்கள். வைரத்துக்கு இன்னொரு குணமும் இருக்கிறது. ஒளியும் எக்ஸ் கதிரும் அதற்குள்ளால் போகும். அதனால் அமுக்கிக்கொண்டே உள்ளே பார்க்கலாம்.

துளைக்குள் இருப்பது புள்ளியிலும் சிறிய தூள் என்பதால், சாதாரண எக்ஸ் கதிர்க் குழாயின் கதிரை வைத்துப் பார்த்தால் ஒரு படத்துக்கே மணிக்கணக்கு, சிலவேளை நாட்கணக்கு ஆகும். சிங்குரோட்ரோன் என்ற பெரிய வளைய இயந்திரத்தில் ஒளியின் வேகத்தை ஒட்டி ஓடும் இலத்திரன்களைக் காந்தங்களால் வளைத்துக் கதிர் எடுக்கிறார்கள். பிரான்சின் கிரெனோபிளில் உள்ள வளையத்தின் சுற்றளவு 844 மீற்றர். ஹம்பேர்க்கில் உள்ள பெற்றா-3 இரண்டு கிலோமீற்றரைத் தாண்டும். அந்தக் கதிரைச் சில மைக்கிரோன் அகலத்துக்குக் குவித்துக் கூட்டுக்குள் விட்டால், ஒரு சில விநாடியில் கோணல் வளையங்கள் விழுந்துவிடும். பளிங்கின் அணு அடுக்குகளில் பட்டுக் கதிர் குறித்த கோணங்களில் சிதறுவதுதான் கோணல். கோணல் என்று நாங்கள் உயர்தரத்தில் படித்ததைத்தான் தமிழ்நாட்டு நூல்கள் விளிம்பு விளைவு என்கின்றன.

எனக்குக் கிடைத்தது இன்னொரு குழுவுக்குக் கதிர் ஒதுக்கிய நேரத்தில் (பீம் ரைம் என்பார்கள்) இரண்டு ஷிப்ட், அதாவது இரண்டு எட்டு மணித்தியாலம். அதற்கு முந்திய ஆறு மாதம் யாழ்ப்பாணத்தில் செய்த வேலையைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதல் பிழை அரைப்பதில். வளையம் வழவழப்பாக விழ வேண்டுமானால் தூள் நன்றாக நுணுகியிருக்க வேண்டும். பருமனாக இருந்தால் வளையத்துக்குப் பதிலாகப் புள்ளி புள்ளியாக விழும். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அகேற்றுக் கல் உரலில் போட்டு, அம்மியில் சம்பல் அரைப்பது போல அரைத்துத் தள்ளினேன். அதைச் சாதாரண எக்ஸ் கதிர்க் கருவியில் பார்த்தபோது, கோணத்துக்கெதிரே கதிரின் வலுவை வரைந்த கோட்டில் கல்சைற்றின் பெரிய சிகரம் 29.4 பாகையில் ஒழுங்காக நின்றது. ஆனால் 26ஐத் தாண்டி ஒரு குட்டிச் சிகரம். மணல் கலந்துவிட்டது, குவாட்ஸ் என்று முடிவு கட்டிவிட்டேன். குவாட்ஸ் வர வேண்டியது 26.6இல். மறுபடி பெருப்பித்துப் பார்த்தால் இது நிற்பது 26.2இல். அது அரகோனைற்று. கல்லில் இருந்ததல்ல, என் உலக்கை செய்தது. கல்சைற்றை நெடுநேரம் அழுத்தி அரைத்தால் ஒரு பகுதி அரகோனைற்றாகும் என்பது பழைய சங்கதி, நான்தான் வாசித்திருக்கவில்லை. அடுத்த முறை சில துளி அற்ககோல் விட்டு, பத்து நிமிடம் மெதுவாக அரைத்தேன். குட்டிச் சிகரம் காணாமல் போனது. அப்போதே எனக்கு ஒரு சந்தேகக் குணம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

இரண்டாவது, கூட்டை நிரப்பும் பயிற்சி. துளைக்குள் கல்தூளின் ஒரு துண்டையும், பத்து மைக்கிரோன் ரூபி உருண்டை ஒன்றையும் வைத்து, மெதனோலும் எதனோலும் நாலுக்கு ஒன்றாகக் கலந்த ஒரு துளியை விட்டு, அது ஆவியாகிப் போவதற்குள் மூட வேண்டும். திரவம் எதற்கென்றால், எல்லாப் பக்கத்தாலும் சமமாக அமுக்க. இந்தக் கலவை ஏறத்தாழ 10 கிகா பஸ்கால் வரை திரவமாகவே இருக்கும். எங்களிடம் வைரக் கூடு இல்லை. அலுமினியத் தாளில் ஊசி முனையால் குத்திய துளையும், பழைய நுணுக்குக்காட்டியும், கறியுப்பும்தான். தூளைத் தூக்கும் கருவி ஈர்க்கு. ஈர்க்கின் நுனியைச் சீவி, அதில் ஒரு கண்ணிமை மயிரை ஒட்டினால், உப்புத் துகள் அதில் தானாகவே தொற்றிக்கொள்ளும். பெரிய ஆய்வுகூடங்களிலும் பல்லுக் குச்சியில் கண்ணிமை மயிரைத்தான் ஒட்டுகிறார்கள் என்று அங்கே போய்ப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. யாழ்ப்பாணத்து மத்தியான வெக்கையில் அற்ககோல் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். இங்கே 25 விநாடியில் மூடப் பழகியவனுக்கு அங்கே நேரம் தாராளமாக இருந்தது.

அங்கே குழுவில் தமிழர் ஒருவர் இருந்தார். முதல் நாள் "தம்பி எந்த ஊரு?" என்று கேட்டார். திருநெல்வேலி என்றேன். "அட, நம்ம ஊரா!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவர் தாமிரபரணித் திருநெல்வேலி, நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கும் திருநெல்வேலி. இந்தக் குழப்பம் தீர்வதற்குள் தேத்தண்ணி ஆறிவிட்டது. அவர் அழுத்தம் என்பார், நான் அமுக்கம் என்பேன். மற்றபடி அந்த அண்ணா சொன்னதெல்லாம் தங்கம்.

அமுக்கத்தை அளப்பது ரூபியை வைத்து. பச்சை லேசர் பட்டதும் அது சிவப்பாக ஒளிர்கிறது. சாதாரண நிலையில் அந்த ஒளியின் பிரதான கோடு 694 நானோமீற்றரைச் சற்றுத் தாண்டி நிற்கும். அமுக்கம் கூடக் கூடக் கோடு நகரும், ஒரு கிகா பஸ்காலுக்கு 0.365 நானோமீற்றர். 1972இல் வந்த இந்த வழிதான் வைரக் கூட்டை உண்மையான அளவைக் கருவி ஆக்கியது. இரத்தினபுரி மாணிக்கம் தேவையில்லை, செயற்கையாகச் செய்த உருண்டை காணும். கணக்கும் சுலபம்: இப்போது கோடு நிற்கும் இடத்திலிருந்து அமுக்கம் இல்லாதபோது நின்ற இடத்தைக் கழி, வகு.

நான் ரூபியைப் படத்துக்கு முன்னால் ஒருமுறை மட்டும் அளந்துகொண்டிருந்தேன். அண்ணா பார்த்துவிட்டு, "முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு எடு தம்பி. ஏத்தினதும் கூடு கொஞ்ச நேரம் நகந்துக்கிட்டே இருக்கும்" என்றார். அளந்து பார்த்தேன். முன்னுக்கும் பின்னுக்கும் 0.1 கிகா பஸ்கால் வித்தியாசம். அதன் பிறகு ஒவ்வொரு படிக்கும் பத்து நிமிடம் காத்திருந்து இரண்டு முறையும் அளந்தேன். பதினாறு மணித்தியாலத்தில் அந்தப் பத்து நிமிடங்கள் வலிக்கும். ஆனால் அமுக்கம் தெரியாத படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

கோணல் பக்கத்துக்கும் ஒரு கணக்குச் சொல்கிறேன். கருவியை சீரியம் ஒட்சைட்டுத் தூளால் முதலில் அளவுதிருத்தம் செய்வார்கள். அந்தத் தூள் இருந்த அதே இடத்தில்தான் உங்கள் கல்லும் கதிர்த் திசையில் நிற்க வேண்டும். கண்டறி கருவி 400 மில்லிமீற்றர் தூரத்தில் இருக்கும்போது இடம் 0.1 மில்லிமீற்றர் தவறினால், அணுத்தள இடைவெளியில் 0.025 சதவீதப் பிழை. கனவளவில் அது மூன்று மடங்கு. கல்சைற்றின் இறுக்கம், அதாவது அமுக்கத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு, ஏறத்தாழ 73 கிகா பஸ்கால், ஆகவே கல்லின் கனவளவை வைத்து அமுக்கத்தைச் சொன்னால் 0.05 கிகா பஸ்கால் பிழைத்துவிடும். கூட்டைத் திருப்பித் திருப்பி மையம் பார்க்கிறார்களே, சலிப்பாக இருக்கிறதே என்று நினைக்கும்போது இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஷிப்டில், விடிய மூன்று மணிக்கு, சிகரம் ஒன்று அகன்று இரண்டாகப் பிரிய ஆரம்பித்தது. கல்சைற்று-2. ரூபி சொன்ன அமுக்கம் 1.35. வர வேண்டிய 1.5ஐவிடக் குறைவு. இன்னொரு முறை இறக்கி ஏற்றினோம். மறுபடி 1.35. இதற்கிடையில் குழுவின் மற்றக் கூட்டில் அமுக்கத்தை அவசரமாக இறக்கி ஒரு வைரம் டிக் என்று வெடித்தது. ஏற்றும்போது பயப்படுகிற அளவுக்கு இறக்கும்போது ஒருவரும் பயப்படுவதில்லை. அந்தச் சோகத்தில் என் 1.35ஐப் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. நான் மட்டும் உள்ளுக்குள்ளே பறந்துகொண்டிருந்தேன்.

ஊருக்கு வந்ததும் காரணம் தயாரிக்கத் தொடங்கினேன். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் கடலில் பிறந்தது, கல்சியம் இருக்க வேண்டிய சில இடங்களில் மக்னீசியம் புகுந்திருக்கும், அதனால் மாற்றம் முந்தி வருகிறது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டு பக்கம் எழுதியும் விட்டேன். எங்கள் கல்லுக்கு ஒரு தனிக்குணம் இருக்க வேண்டும் என்று நான் விரும்பினேன் என்பதுதான் உண்மை. ஊர்ப் பற்று ஆராய்ச்சிக்குள் வரும் வழி இப்படித்தான்.

செப்ரெம்பரில் ஒருநாள் பின்னேரம் மின்சாரம் நின்றது. மடிக்கணினி பற்றரியில் ஓடியது, விசிறி நின்றுவிட்டது. பத்து நிமிடத்தில் முதுகு நனைந்துவிட்டது. அங்கேயும் ஒருநாள் இப்படித்தான் நனைந்தது என்று ஞாபகம் வந்தது. நான் போயிருந்த வாரம்தான் ஐரோப்பாவில் பெரிய வெப்ப அலை. கூடுகளை நிரப்பிய ஆயத்த அறையில் குளிரூட்டி இல்லை, எல்லோரும் வியர்த்து வழிந்தோம். கதிர் வரும் அறையோ எப்போதும் 22 பாகை. அமுக்கம் இல்லாத ரூபியின் கோட்டை நான் அளந்தது எங்கே? ஆயத்த அறையில்.

ரூபியின் கோடு அமுக்கத்துக்கு மட்டும் நகர்வதில்லை. சூட்டுக்கும் அதே பக்கம் நகரும், ஒரு பாகைக்கு ஏறத்தாழ 0.007 நானோமீற்றர். என் தொடக்கப் புள்ளியே சூட்டில் நகர்ந்து நின்றிருக்கிறது. அதிலிருந்து கழித்ததால் எல்லா அமுக்கமும் குறைவாக வந்திருக்கிறது. ஆனால் எவ்வளவு சூடு? கொப்பியில் வெப்பநிலை எழுதவே இல்லை.

நல்ல காலம், முடிவில் கூட்டைத் திறந்தபோது ரூபியை ஒருமுறை சும்மா அளந்து வைத்திருந்தேன், 22 பாகை அறையில். அந்தக் கோப்பைத் தேடி எடுத்தேன். ஆயத்த அறையில் 694.30. திறந்தபோது 694.25. வித்தியாசம் 0.05, அதாவது ஏழு பாகை. 0.365ஆல் வகுத்தால் 0.14 கிகா பஸ்கால். 1.35உடன் 0.14ஐக் கூட்டிப் பாருங்கள்.

பிரிட்ஜ்மன் ரூபியும் இல்லாமல் எக்ஸ் கதிரும் இல்லாமல் சொன்ன இலக்கம்தான் வந்தது. மக்னீசியப் பக்கங்கள் இரண்டையும் அழித்தேன். 50 கிகா பஸ்காலில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த 0.14 ஒரு பொருட்டே இல்லை. 1.5ஐத் தேடுகிறவனுக்கு அது பத்தில் ஒரு பங்கு. இப்போது என் கொப்பியில் ஒவ்வொரு ரூபி அளவுக்கும் பக்கத்தில் வெப்பநிலை நிரல் ஒன்று இருக்கிறது. தொடக்கப் புள்ளியை அளக்கும் அறையும் மற்றதை அளக்கும் அறையும் ஒன்றாக இருக்க வேண்டும், தொடக்கத்தில் ஒன்றும் முடிவில் ஒன்றுமாக இரண்டு முறை அளக்க வேண்டும்.

இதைச் செய்யச் சிங்குரோட்ரோன் வேண்டுமே, இலங்கையில் இல்லையே என்று மாணவர்கள் கேட்பார்கள். பொது நிதியில் நடக்கும் பெரும்பாலான நிலையங்களில், முன்மொழிவு தெரிவானால் கதிருக்குக் காசு வாங்குவதில்லை. முடிவை வெளியிட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. செலவு பயணத்துக்கும் விசாவுக்கும். விசாவுக்காகக் கொழும்புக்கு இரண்டு தரம் ஓட வேண்டும் என்பதைக் கணக்கில் வையுங்கள். பக்கத்தில் வேண்டுமென்றால் இந்தியாவின் இந்தூரில் இன்டஸ்-2 இருக்கிறது, அங்கேயும் எக்ஸ் கதிர்க் கோணலுக்கான கதிர்வழிகள் உண்டு. வளையப் படத்தைக் கோடாக மாற்றும் டயொப்டாஸ் என்ற மென்பொருள் இலவசம், பழைய மடிக்கணினியிலும் ஓடும். வைரம் போடும் பிரகாசமான புள்ளிகளை மறைப்பது, உருக்குத் தகட்டின் வளையத்தை அடையாளம் காண்பது எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே பழகலாம். பீம் ரைமுக்குப் போய்ப் பழகுவோம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அங்கே விடிய மூன்று மணிக்கு எவரும் பாடம் நடத்த மாட்டார்கள்.

அமுக்கத்தை இறக்கியபோது கல் மறுபடி சாதாரணக் கல்சைற்றாகிவிட்டது. குப்பியில் மிஞ்சிய ஒன்பது கிராம் சொச்சத்தை இப்போது மாணவர் பயிற்சிக்கு வைத்திருக்கிறோம். கறியுப்பைவிட அது நல்லது, ஈரத்தில் கட்டிபடாது. மூன்றாம் வருட மாணவி ஒருத்தி அதே ஈர்க்கையும், தன் கண்ணிமை மயிரையும் வைத்துப் போன கிழமை இருபது விநாடியில் மூடிக் காட்டினாள். மூடி முடித்ததும், "சேர், அறை வெப்பநிலை முப்பத்தொன்று. எழுதட்டோ?" என்று கேட்டாள்.